மெயின்ஃபிரேம்ல சிஎஸ்ஏ (எல்லா ஜொப்பும் பகிருற பொது மெமரி) குறைஞ்சுகொண்டே போனா எங்க தேடுறது

வெள்ளவத்தைல ஒரு ஃபிளட்ட யோசிச்சுப் பாருங்கோ, அவரவர் வீடு அவரவருக்கு, மொட்டைமாடி டேங்க் மட்டும் பொது, ஒரு வீட்டில பைப்ப மூடாம விட்டா விடிய குளிக்க தண்ணியில்லாம நிக்கிறது முழு ஃபிளட்டும். மெயின்ஃபிரேம ஓட்டுற சிஸ்டமான இசட்ஓஎஸ்லயும் ஒவ்வொரு ஜொப்புக்கும் சொந்த அட்ரஸ் ஸ்பேஸ் (தனி மெமரி இடம்) இருக்கு, ஆனா சிஎஸ்ஏ, எஸ்கியூஏ (சிஸ்டம் தன்ட தேவைக்கு எடுக்கிற பொது மெமரி), எல்பிஏ (பொது புரோகிராம்கள் இருக்கிற இடம்) எல்லாருக்கும் ஒண்டுதான். 16 எம்பி அட்ரஸ் கோட்டுக்கு கீழ ஒரு செட், மேல ஈசிஎஸ்ஏ, ஈஎஸ்கியூஏ எண்டு இன்னொண்டு. கீழதான் எப்பவும் நெருக்கடி.

முதல்ல மெமரிய பாதுகாக்கிற கீய விளங்கிக்கொள்ளுங்கோ. 4கே ஃபிரேம் (மெமரித் துண்டு) ஒவ்வொண்டுக்கும் 0 முதல் 15 வரை ஒரு கீ, ஓடுற புரோகிராமின்ட நிலைய வச்சிருக்கிற பிஎஸ்டபிள்யூலயும் ஒரு கீ, ரெண்டும் ஒத்துப்போனாத்தான் எழுதலாம், கீ 0 க்கு மட்டும் எல்லாம் திறந்திருக்கும். வாசிக்கிறதுக்கு தடையில்ல, ஃபெட்ச் புரொடெக்ட் பிட் போட்டிருந்தாத்தான் அதுவும் மறிக்கும். சப்பூல் (மெமரிய வகை பிரிக்கிற நம்பர்) 241ம் 231ம் ரெண்டும் சிஎஸ்ஏதான், 231ல அந்த பிட் இருக்கு, 241ல இல்ல. எங்கட சாதாரண புரோகிராம் கீ 8ல ஓடும், அதால 0சி4 எண்ட மெமரிப் பிழை அடிச்சா உடனே ரீசன் கோட்ட பாருங்கோ: 4 எண்டா பாதுகாப்பு மறிச்சிருக்கு, 10, 11 எண்டா அந்த அட்ரஸ்ல பக்கமே இல்ல. இத பாக்காம கோட் முழுக்க வாசிச்சு ஒரு இரவ நான் வீணாக்கியிருக்கன். முந்தி கீ 8லயே சிஎஸ்ஏ எடுத்து வச்ச பழைய சாமான்களும் இருந்திச்சு, யார் வேணுமெண்டாலும் மேல எழுதலாம், இசட்ஓஎஸ் 2.4 வெர்ஷனோட அத நிப்பாட்டிட்டாங்கள், நல்ல வேலை.

இனி தேடுறது. எஸ்கியூஏ முடிஞ்சா சிஸ்டம் சிஎஸ்ஏல கை வைக்கும், மறுபக்கம் அப்பிடி நடக்காது, அதால சிஎஸ்ஏ குறையுதெண்டு சிஎஸ்ஏய மட்டும் பாக்காதேங்கோ. ஆர்எம்எஃப் எண்ட அளவுக் கருவியின்ட விஸ்டோர் (மெமரிப் பாவனை) ரிப்போர்ட்ல ரெண்டையும் பக்கத்தில வச்சு நாலைஞ்சு நாள் பாருங்கோ, ஏறிப்போட்டு இறங்காட்டி லீக்தான். டயக் மெம்பர் எண்ட சிஸ்டம் செட்டிங்ல விஎஸ்எம் டிராக் ஓன்ல இருக்கோணும், இல்லாட்டி யார் எடுத்ததெண்டு தெரியாது. பிறகு டம்ப் (மெமரியின்ட நகல்) ஒண்டெடுத்து, டம்ப் வாசிக்கிற ஐபிசிஎஸ்ல விஎஸ்எம்டேட்டா, ஓன்கொம் சமரி எண்டு குடுங்கோ. அதில ஓஜி எண்டு வாற வரிதான் ஆள் போயிட்டார், சாமான் கிடக்கு எண்டது. ஒரே பேர் திரும்பத் திரும்ப ஓஜில வந்தா, ராவுல ஸ்டொப் ஸ்டார்ட் பண்ற டாஸ்க்க பிடியுங்கோ, எங்களுக்கு ஒருக்கா அதுதான் மாட்டினது.

ஐபிஎல் (சிஸ்டம் ஸ்டார்ட்) பண்ணேக்க சிஎஸ்ஏய கூட்டுவம் எண்டு அவசரப்படாதேங்கோ. கோட்டுக்கு கீழ கூட்டினா 1 எம்பி 1 எம்பியாத்தான் போகும், அது எல்லா ஜொப்பின்டயும் பிரைவேட் (சொந்த) மெமரில இருந்துதான் வெட்டுப்படும்.