படுகாயமடைந்தோரின் உயிர்பிழைப்பைக் கணிக்கும் மதிப்பெண் முறையை உருவாக்குவது எப்படி?

மதிப்பெண் முறை ஒன்றை உருவாக்க முனைவோர் பெரும்பாலும் கையிலிருக்கும் தரவிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே, அந்த மதிப்பெண்ணை யார், எந்த நேரத்தில், என்ன முடிவெடுப்பதற்காகக் கணக்கிடப் போகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். ஆம்புலன்ஸ் பணியாளர் எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்று தீர்மானிப்பதற்கும், ஆண்டு முடிவில் இரு மருத்துவமனைகளின் இறப்பு விகிதங்களை ஒப்பிடுவதற்கும் ஒரே மதிப்பெண் உதவாது.

1974இல் வெளிவந்த காயத் தீவிர மதிப்பெண்ணை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, மிக மோசமாகக் காயமடைந்த மூன்று பகுதிகளின் தீவிர எண்களை வர்க்கப்படுத்திக் கூட்டுவது அதன் முறை. தலையில் 4, மார்பில் 3, காலில் 2 என்றால் 16, 9, 4 சேர்ந்து 29 கிடைக்கும். ஆனால் அந்த எண்கள் ஸ்கேனோ அறுவை சிகிச்சையோ முடிந்த பிறகே முழுமையாகத் தெரியவரும். எனவே சிகிச்சைத் தரத்தை மதிப்பிட அது பயன்படும். நோயாளி வாசலில் வந்து இறங்கும்போது பயன்படாது. முடிவெடுக்கும் தருணத்தில் கைவசம் இருக்கும் தகவலை மட்டுமே மாறிகளாகச் சேர்க்க வேண்டும் என்பதை நான் மற்ற எல்லா விதிகளுக்கும் மேலாக வைப்பேன்.

அடுத்து, எதைக் கணிக்கிறோம் என்பதை வரையறுக்க வேண்டும். ‘மருத்துவமனையில் இறப்பு’ என்று வைத்துக்கொண்டால், வேறிடத்துக்கு மாற்றப்பட்டு அங்கே இறந்தவர் பிழைத்தவராகக் கணக்கில் ஏறிவிடுவார். தொடர்ந்து விசாரித்தறிய வழியிருந்தால் 30 நாள் இறப்பே மேலானது.

அதிக உழைப்பைக் கேட்பது விடுபட்ட தரவுதான். கேஸ் ஷீட்டுகளைப் புரட்டினால், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இருக்க, சுவாச எண்ணிக்கைக்கான கட்டம் மட்டும் காலியாக இருப்பதைக் காணலாம். அல்லது ஒருவருக்குப் பின் ஒருவராக எல்லோருக்கும் 20 என்றே எழுதியிருக்கும், அது எண்ணிப் பார்க்காமல் எழுதியது என்று பார்த்தவுடனே தெரியும். இதைவிட ஆபத்தானது, மிகவும் மோசமான நிலையில் வந்து சில நிமிடங்களில் இறந்தவருக்கு எதையுமே பதிவுசெய்ய நேரமிருக்காது என்பது. முழுமையற்ற பதிவுகளை நீக்கிவிட்டால் நீங்குபவர்கள் அவர்களே. எஞ்சுபவர்களைக் கொண்டு உருவாகும் மதிப்பெண் ஆபத்தைக் குறைத்தே காட்டும். ஆகவே நீக்குவதற்குப் பதில் பன்முறை இட்டுநிரப்பல் முறையை (தெரிந்த தகவல்களைக் கொண்டு விடுபட்ட மதிப்பைப் பலமுறை கணித்து நிரப்புவதை) கையாள வேண்டும். மூச்சுக்குழாய் செருகப்பட்டவருக்கு, நினைவுநிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலின் பேச்சுப் பகுதியை அளக்க முடியாது என்பதால், அதை எப்படிக் கையாள்வது என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் தீர்மானிக்க வேண்டும்.

கணிப்பு மாதிரியை உருவாக்க, இறப்பா பிழைப்பா என்பதன் வாய்ப்பைக் கணக்கிடும் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் பெரும்பாலும் போதுமானது. தரவு போதுமா என்பதை நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு மதிப்பிடாமல், இறப்புகளின் எண்ணிக்கையையும் கொண்டு மதிப்பிட வேண்டும். 2,000 பேரில் 60 பேர் இறந்திருந்தால் இருபது மாறிகளை அது தாங்காது. வயதையும் ரத்த அழுத்தத்தையும் தொடக்கத்திலேயே வகைகளாக வெட்டக் கூடாது. மிகக் குறைந்த ரத்த அழுத்தத்தைப் போலவே மிக உயர்ந்த அழுத்தமும், குறிப்பாகத் தலைக்காயத்தில், ஆபத்தைக் காட்டக்கூடும் என்பதால் வளைவான உறவுக்கு இடம் தர வேண்டும்.

பிறகுதான் புள்ளிகளாக மாற்றுவது. மாறிகளின் எடையைக் காட்டும் கெழுக்கள் 0.6, 1.2, 1.8 என வந்தால், மிகச் சிறியதால் வகுத்து 1, 2, 3 என்று வைக்கலாம். ஜப்பானியத் தரவைக் கொண்டு 2011இல் வெளியான காப் மதிப்பெண் இவ்வகையில் எளிமைக்கு நல்ல முன்மாதிரி: கிளாஸ்கோ எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, வயது 60க்குக் குறைவென்றால் 3, சிஸ்டாலிக் அழுத்தம் (ரத்த அழுத்தத்தின் மேல் எண்) 120க்கு மேலென்றால் 6, 60 முதல் 120 வரை என்றால் 4 சேர்க்க வேண்டும். கிளாஸ்கோ 13, வயது 45, அழுத்தம் 110 உள்ளவருக்கு 20 வரும். உச்ச அளவு 24.

சரிபார்ப்பில் பலர் ஆர்ஓசி வளைவின் பரப்பளவோடு நின்றுவிடுகிறார்கள். அது இறப்பவரையும் பிழைப்பவரையும் பிரித்தறியும் திறனை மட்டுமே சொல்லும். 20 விழுக்காடு ஆபத்து என்று கணித்த நூறு பேரில் ஏறக்குறைய இருபது பேர் உண்மையில் இறந்தார்களா என்பதைத் தனியே வரைபடமிட்டுப் பார்க்க வேண்டும். சொந்தத் தரவிலிருந்தே பதிவுகளை மீண்டும் மீண்டும் குலுக்கி எடுத்துச் சோதிக்கும் பூட்ஸ்ட்ராப் முறையால், மாதிரியின் திறன் பற்றிய மிகைமதிப்பைத் திருத்திய பின், மாதிரி உருவாக்கத்தில் பங்கேற்காத வேறொரு மருத்துவமனையிலும் சோதிக்க வேண்டும். அங்கே கணிப்புகள் ஒரே சீராக உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்தால், எல்லாவற்றையும் கலைக்காமல், சமன்பாட்டில் எல்லோருக்கும் பொதுவாக வரும் மாறிலியை மட்டும் திருத்தினால் போதும்.

கடைசியாக, இரண்டு செவிலியரிடம் அதே முப்பது கேஸ் ஷீட்டுகளைத் தனித்தனியே கொடுத்து, கையால் கணக்கிடச் சொல்லுங்கள். இருவரின் விடைகளும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே உங்கள் வரையறை தெளிவாக இல்லை. அந்த வரியைத் திருத்தி எழுதிவிட்டு, புதிய முப்பது கேஸ் ஷீட்டுகளோடு மீண்டும் சோதியுங்கள்.