வெட்டுப்புள்ளியில் திருகோணமலை வரியைப் பாருங்கள்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை மருத்துவத்தைக் குறிவைத்தால், கடந்த மூன்று வருட வெட்டுப்புள்ளிகளில் (பல்கலைக்கழக அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளி, அதாவது உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திய புள்ளி) திருகோணமலைக்குரியதை மட்டும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். பக்கத்தில் தாதியியல், மருந்தகவியல், இயன்மருத்துவம், கதிர்ப்படவியலுக்கும் எழுதுங்கள்.

கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. மருத்துவ அனுமதியில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, மீதி 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நம் மாவட்டமும் அதில் சேர்த்தி. ஒரு வருடக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், அது ஏறி இறங்கும்.

அண்மையில் வேறு மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கு சரிவராமல் போகலாம்; படித்த பாடசாலையின் மாவட்டத்தைத்தான் பார்ப்பார்கள். தாதியர் பயிற்சிக் கல்லூரிக்கும் இது பொருந்தாது, சுகாதார அமைச்சு வர்த்தமானியில் தனியாக விண்ணப்பம் கோரும்.