முக்கோணத்தில் தெரியாத பக்கம்: ஓர் அவ்னிங்காரரின் கணக்கு

பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. கார் போர்ச்சுக்கு அவ்னிங் (சாய்வுக் கூரை) போடுவது, கேட் செய்வது எங்கள் வேலை. முக்கோணக் கணக்கு வராதவன் கையில் கம்பி வெட்டும் மெஷினைக் கொடுக்க மாட்டேன். படிவம் 1-இல் பித்தகோரஸ் படித்துவிட்டுத் தேர்வோடு மறந்தவர்கள்தான் வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தருகிற மாதிரியே எழுதுகிறேன்.

சூத்திரம் அப்புறம். முதலில் 90 டிகிரி மூலை எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள், அதுவும் ஜோர்ஜ்டவுன் பழைய வீடுகளில் நம்பவே கூடாது. மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே டேப் பிடியுங்கள். சரியாக 5 அடி வந்தால் செங்கோணம். குறைந்தால் மூலை ஒடுங்கியிருக்கிறது, கூடினால் விரிந்திருக்கிறது. இடம் இருந்தால் 6, 8, 10 என்று பெரிதாக்கிப் பாருங்கள்; கோணல் இன்னும் தெளிவாகத் தெரியும்.

செங்கோணத்துக்கு எதிரே இருப்பது கர்ணம். மூன்றில் நீளமானது அதுதான். மற்ற இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கர்ணம் கிடைத்துவிடும். ஒரு டெரஸ் (வரிசை) வீட்டில் சுவரிலிருந்து முன் பீம் வரை 15 அடி, சுவர்ப் பக்கம் 2 அடி உயரம் கூடுதல் என்று வையுங்கள். 225-உம் 4-உம் 229, மூலம் 15.13. சரிவுக் கம்பி 15.13 அடி.

சண்டையெல்லாம் இதற்கு அப்புறம் டேப்போடுதான். 15.13 அடி என்றால் 15 அடி 1.3 இன்ச் இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 12-ஆல் பெருக்க வேண்டும். 0.13-க்கு ஒன்றரை இன்ச்சுக்குச் சற்று மேல் வரும். இங்கே வித்தியாசம் சின்னது. ஆனால் 11.62 அடியை 11 அடி 6.2 இன்ச் என்று படித்து வெட்டினால், கம்பி ஒரு இன்ச்சுக்கு மேல் குட்டையாகி நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போகும். சரியான அளவு 11 அடி 7.4 இன்ச். மில்லிமீட்டரில் அளந்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் என்னிடம் வரும் வீட்டுக்காரர்கள் அடியில்தான் பேசுகிறார்கள்.

அந்த 11.62 ஏணிக் கணக்கு. கர்ணம் தெரிந்து வேறொரு பக்கம் தெரியாவிட்டால், கூட்டுவதற்குப் பதில் கழியுங்கள். 12 அடி ஏணியின் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி நின்றால், 144-இல் 9 போக 135. அதன் மூலம்தான் ஏணி சுவரைத் தொடும் உயரம்.

வாட்ஸ்ஆப்பில் சுற்றும் பழைய பாட்டு ஒன்று வர்க்கமூலமே வேண்டாம் என்கிறது. நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர், அவ்வளவுதானாம். 3, 4-க்கும் 5, 12-க்கும் அச்சாக விடை வருகிறது. 15, 2-க்குப் போட்டால் 14.125. கர்ணம் 15-ஐவிடக் குட்டை! பாட்டு பாட்டாகவே இருக்கட்டும், கம்பி வெட்ட ஆகாது.

உயரத்தைச் சொல்லாமல் 10 டிகிரி சரிவு வேண்டும் என்பவர்களும் உண்டு. அப்போது அதே 15 அடியை, கால்குலேட்டரில் cos 10 போட்டால் வரும் கோசைன் 10, அதாவது 0.9848-ஆல் வகுங்கள்: சரிவு 15.23 அடி. உயரத்துக்கு 15-ஐ டான் 10 (tan 10), 0.1763-ஆல் பெருக்கினால் 2.64 அடி.

கோர்னர் லாட் (சாலை மூலை வீடு) வந்தால்தான் தலைவலி. சாலை வளைகிற பக்கம் வேலியும் வளையும், செங்கோணம் கிடைக்காது. இரண்டு பக்கமும் அவற்றுக்கு நடுவில் உள்ள கோணமும் தெரிந்தால் கோசைன் விதி உதவும். இரண்டின் வர்க்கங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பக்கங்களையும் பெருக்கி, இரட்டித்து, கோணத்தின் கோசைனால் பெருக்கி, முன் கூட்டியதிலிருந்து கழியுங்கள். 20 அடி, 15 அடி, நடுவில் 110 டிகிரி என்றால் வர்க்கங்கள் சேர்ந்து 625. கழிக்க வேண்டியது 600 பெருக்கல் −0.342. 90-ஐத் தாண்டிய கோணத்துக்குக் கோசைன் கழித்தல் குறியோடு வருவதால் இங்கே கூடத்தான் செய்யும்: 830.2, மூலம் 28.8 அடி. செங்கோணம்தானே என்று 25 அடிக்கு ஷீட் வாங்கியிருந்தால், கிட்டத்தட்ட 4 அடி வானம் பார்த்துக்கொண்டிருக்கும்.

லோங்காங்குக்கு (சாக்கடைக்கு) அந்தப் பக்கம் தூண், டேப் எட்டாது என்றால் சைன் விதி. இந்தப் பக்கம் 20 அடி இடைவெளியில் இரண்டு குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் தூணுக்கும் மற்றக் குச்சிக்கும் இடையிலான கோணத்தை அளந்துகொள்ளுங்கள். 60, 75 என்றால் தூணில் மிச்சம் 45. ஒவ்வொரு பக்கத்தையும் அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே எண்தான் வரும். ஆகவே 20-ஐ 0.7071-ஆல் வகுத்து 0.866-ஆல் பெருக்க, 75 டிகிரி குச்சியிலிருந்து தூண் 24.5 அடி.

கால்குலேட்டரில் சைன் 30 போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 0.5 வர வேண்டும், −0.988 வந்தால் ரேடியனில் (கோணத்தின் வேறோர் அளவில்) நிற்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள். எந்தப் பக்கமும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தொடவே கூடாது. 20-க்கும் 15-க்கும் 35 அல்லது அதற்கு மேல் விடை வந்தால், மெஷினை அணைத்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள்.