ஸ்பானிஷ் படிக்கத் திரும்பக் கல்லூரிக்குப் போகிறீர்களா? தமிழிலிருந்தே போங்கள்

நாற்பது வயதுக்கு மேல் மறுபடி வகுப்பில் உட்கார்ந்து ஸ்பானிஷ் படிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஆங்கிலம் வழியாக யோசிக்காதீர்கள். பாடப்புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதனால் நாமும் அப்படியே யோசித்துக் குழம்புகிறோம். 'மே குஸ்தா எல் கஃபே' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஆங்கிலம் வழியாக வருபவர்கள் இதில் வாரக்கணக்கில் திணறுவார்கள், நமக்கோ அது அப்படியே 'எனக்குக் காபி பிடிக்கும்', அவ்வளவுதான். 'ஆப்லோ' என்றாலே 'பேசுகிறேன்', நான் என்று தனியாகச் சொல்ல வேண்டாம், விகுதியே சொல்லிவிடும். 'பேரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். இரண்டாவதில் நாக்கு நன்றாக உருள வேண்டும், இதற்கு மட்டும் கொஞ்சம் பயிற்சி தேவை.

நமக்கும் உண்மையிலேயே கஷ்டம் எது என்றால் பெயர்ச்சொல்லின் பால். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. அதனால் 'மேசா' என்று மட்டும் எழுதி வைக்காமல் பெண்பாலைக் காட்டும் 'லா'வையும் சேர்த்து 'லா மேசா' என்றே எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் பார்க்கட்டும்.

அப்புறம், பள்ளியில் எப்போதோ கொஞ்சம் படித்தோமே என்று நேராக இரண்டாம் நிலையில் சேராதீர்கள். நிலை அறியும் தேர்வு இருந்தால், முன்கூட்டித் தயார் செய்யாமல் போய் எழுதுங்கள், அப்போதுதான் சரியான வகுப்பு கிடைக்கும்.