பிக்கப்புக்குப் பழைய டிஸ்க் வாங்குமுன் அளக்க வேண்டியவை

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் மீன் ஏற்றும் பிக்கப்களுக்கு டிஸ்க் (டயர் மாட்டும் சக்கர வளையம்; பிரேக் டிஸ்க் அல்ல) சீக்கிரம் துருப்பிடிக்கும். ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் முழுக்கப் பின்சக்கரத்தில்தான் விழும். பழைய டிஸ்க் தேடிப் போனால் "அஞ்சு ஓட்டையா, ஆறு ஓட்டையா?" என்று கேட்பார்கள்; சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டட் (நட் ஏறும் போல்ட்) நுழையும் ஓட்டைகள் அவை. அந்தப் பதிலை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே பெயருள்ள வண்டியிலும் வருஷத்துக்கு வருஷம் அளவு மாறும். அமெரிக்காவின் ஃபோர்டு எஃப்-150 வண்டியில் 1996 வரை 5 ஓட்டை, வட்டம் (ஓட்டைகளின் நடுவழியே போகும் வட்டத்தின் விட்டம்) 139.7 மி.மீ. 1997-ல் வந்த மாடலிலும் 5 ஓட்டைதான், ஆனால் வட்டம் 135. 2004-ல் வந்த புதிய மாடலில் 6 ஓட்டை, 135. 2015-ல் வட்டம் மாறவில்லை. ஸ்டட் மரை 14×2-லிருந்து 14×1.5 ஆகிவிட்டது (முதல் எண் ஸ்டட்டின் தடிமன், அடுத்தது மரைக்கு மரை இடைவெளி, மி.மீ.-ல்).

ஆறு ஓட்டை என்றால் எதிரெதிர் ஓட்டைகளின் நடுவுக்கு நடு அளந்தால் வட்டம் கிடைக்கும். ஐந்து ஓட்டையில் அடுத்தடுத்த இரண்டை அளந்து 1.701-ஆல் பெருக்குங்கள். நடுவைக் கண்டுபிடிப்பது சிரமம். ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து அடுத்ததன் இடது விளிம்புக்கு அளந்தாலும் அதே கணக்குதான். 82.1 வந்தால் 139.7; 79.4 வந்தால் 135. இடையில் 3 மி.மீ.கூட இல்லை, டேப் போதாது, வெர்னியர் வேண்டும்.

வட்டம் பொருந்தினாலும் நடு ஓட்டை தடுக்கும். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ் இரண்டும் 6×139.7 (ஓட்டை × வட்டம்), ஸ்டட் 12×1.5. ஆனால் ஹைலக்ஸின் நடு ஓட்டை 106 மி.மீ., டி-மேக்ஸுக்குச் சுமார் 100. டி-மேக்ஸ் டிஸ்க் ஹைலக்ஸ் ஹப்பில் (நடு ஓட்டைக்குள் நுழையும் அச்சுத் தலை) உட்காராது.

மரைக்கு, ஸ்டட்டில் 10 மரை நீளத்தை அளங்கள்: 15 மி.மீ. என்றால் 1.5, 12.5 என்றால் 1.25. மரை இடைவெளி மாறிய நட் ஓரிரு சுற்று ஏறி இறுகும். அங்கேயே நிறுத்துங்கள். ஏர் கன் வைத்தால் உள்ளே போய்விடும், மரையும் போய்விடும். நட் எப்போதும் விரலால் ஏற வேண்டும். 12×1.5-ல் குறைந்தது 8 சுற்று, 14×1.5-ல் 10 சுற்று ஏறினால்தான் பிடி போதும். தடித்த அலாய் (அலுமினியக் கலவை) டிஸ்க் போடும்போது இது குறையும்; நீள ஸ்டட் தேவைப்படும்.

நட்டின் முகத்தையும் பாருங்கள். டொயோட்டாவின் பல அலாய்களுக்கு வாஷரோடு தட்டை நட். இரும்பு டிஸ்க்குக்குக் கூம்பு நட். மாற்றிப் போட்டால் முறுக்கியது போலத் தெரியும், ஓட்டத்தில் இளகும். நட் உட்காரும் இடத்தில் புது பெயின்ட் கனமாக இருந்தாலும் இதே கதிதான், அங்கே சுரண்டிவிடுங்கள்.

ஸ்டட் ஒடிந்தால் இருபக்கத்து ஸ்டட்டையும் சேர்த்து மாற்றுங்கள். அதன் சுமையை அவை வாங்கியிருக்கும். புது ஸ்டட் ஹப்பைக் கவ்வும் பல்வெட்டின் விட்டம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் நட்டோடு சேர்ந்து சுற்றும். அதை வெல்டு வைத்து நிறுத்துவது ஆபத்து, சூட்டில் ஸ்டட்டின் உறுதி போய்விடும். ஸ்டட் மரையில் கிரீஸ் வேண்டாம், அதே முறுக்குக்கு ஸ்டட் கூடுதலாக இழுபடும். வயர் பிரஷ் போதும்.

நட்டுகளை எதிரெதிராக, வண்டிப் புத்தகத்தில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்குங்கள். லோடோடு 50 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். நட்டைச் சுற்றிச் செம்பழுப்புத் துருக்கோடு இருந்தால் அது இளகி ஆடியிருக்கிறது. கழற்றிப் பாருங்கள், ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த டிஸ்க்கைத் திரும்பப் போடாதீர்கள்.