லாரி கிரேன் ட்ரெயினிங்: லீவரைத் தொடுறதுக்கு முன்னாடியே நடக்குற தப்புகள்

சிங்கப்பூர்ல கட்டட சைட்டுக்கு கம்பி, ஃபார்ம்வொர்க், செங்கல் பேலட், ஜெனரேட்டர்னு எது வந்தாலும் பெரும்பாலும் லாரி கிரேன்லதான், அதாவது லாரி மேலயே கிரேன் பொருத்தின வண்டிலதான் வந்து இறங்கும், இறக்குறவர் நம்ம ஊர்க்காரராவும் நிறைய இடத்துல இருப்பார். டவர் கிரேன், மொபைல் கிரேன் ஓட்டுறவங்கன்னா தனியா ரெஜிஸ்டர் பண்ணிருக்கணும்னு எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கு, ஆனா லாரி கிரேன்னு வந்துட்டா "வண்டி ஓட்டுறவர்தானே, ஒரு கோர்ஸ் அனுப்பிட்டா போதும், மீதியை அவரே பழகிக்குவார்"னு விட்டுடுறாங்க. அந்த மீதிலதான் ஆள் சாகுறாங்க. அதனால பழக்குற சூப்பர்வைசர், பழகுற தம்பிங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன்.

முதல் தப்பு பழக்குறவங்க பண்றது. புது ஆளை கூட்டிட்டுப் போய் நேரா லீவர் முன்னாடி நிறுத்தி, இது ஸ்லூ (கிரேனைச் சுத்துறது), இது பூம் (தூக்குற கை), இது எக்ஸ்டென்ஷன் (கையை நீட்டுறது), இது ஹூக்னு சொல்லிட்டு காலி ஹூக்கை நாலு தடவை ஏத்தி இறக்க விட்டா ட்ரெயினிங் ஆயிடுச்சுன்னு நினைக்கிறாங்க. லீவர் பழகுறது பெரிய விஷயமே இல்லை, கை ஒரு வாரத்துல தானா வந்துடும். வண்டி எங்க நிக்குது, கால் எதுமேல உக்காந்திருக்கு, லோடு எவ்வளவு எடை, எவ்வளவு தூரத்துல இறங்கணும் இந்த நாலும்தான் கத்துக்க வேண்டியது, இந்த நாலுமே லீவரைத் தொடுறதுக்கு முன்னாடி முடிவாகுற சமாச்சாரம். என்னைக் கேட்டா முதல் நாள் பிடிஓவையே (இன்ஜின் சக்தியை கிரேனுக்குக் குடுக்குறது) போட விடக்கூடாது, வண்டியைச் சுத்தி நடக்க விட்டு தரையைப் பாக்கச் சொல்லணும்.

இப்ப கால் விஷயம், அதாவது வண்டி சாயாம இருக்க பக்கவாட்டுல நீட்டி தரைல ஊன்றுற அவுட்ரிக்கர். இதுலதான் அதிகமா தப்பு நடக்குது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ரோட்டோரத்துல வண்டியை நிறுத்திருப்பாங்க, ஒரு பக்கம் சைட், இன்னொரு பக்கம் டிராஃபிக். சைட் பக்கம் காலை முழுசா நீட்டிடுவாங்க, ரோட்டுப் பக்கம் பாதிதான் நீட்ட முடியும், "அந்தப் பக்கம் தூக்கப் போறதில்லையே"ன்னு விட்டுடுவாங்க. சைட் பக்கம் நாலு லோடு நல்லபடியா இறங்கும், ஒரு பிரச்சனையும் இருக்காது. அஞ்சாவதா சூப்பர்வைசர் வந்து "தம்பி, அந்த காலி ஸ்டீல் பாக்ஸை திருப்பி வண்டில ஏத்திக்கோ"ம்பார். ஏத்தும்போது பூம் கொஞ்சம் அந்த ரோட்டுப் பக்கம் தாண்டும், இல்லன்னா கேபினுக்கு மேல முன்பக்கமா போகும். நிறைய வண்டில முன்னாடி கால் கிடையாது, அதனால முன்பக்கம் தூக்குற அளவு பின்பக்கம், பக்கவாட்டை விட ரொம்பக் கம்மி. எடை அதே எடைதான், பூம் அதே நீளம்தான், ஆனா திரும்புற திசைல தாங்குற சக்தி குறைஞ்சுடுச்சு, வண்டி சாய்ஞ்சுடும். ஆப்பரேட்டருக்கு லீவர்ல ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால பழக்கும்போதே ஒரு பக்கக் காலை மட்டும் நீட்டி வேலை பாக்குறதை ஒரு "வழி"யா காட்டாதீங்க. ரெண்டு பக்கமும் முழுசா வந்து லாக் பின் விழுந்திருக்கணும், வரலன்னா வண்டியை வேற இடத்துல போடணும், இல்ல டிராஃபிக் கண்ட்ரோல் போட்டு இடம் எடுக்கணும். பாதி நீட்டி தூக்கலாம்னு அந்த கிரேனோட சார்ட்டுலயே (எவ்வளவு தூரத்துல எவ்வளவு தூக்கலாம்னு போட்டிருக்கிற அட்டவணை) தனியா அளவு குடுத்திருந்தா மட்டும் அந்த அளவுக்கு உள்ள தூக்கலாம்.

காலுக்கு அடில என்ன இருக்குங்கிறதும் அதே அளவு முக்கியம். ஒரு காலுக்கு 6 டன் வருதுன்னு வைங்க, கால் தட்டு 20 சென்டிமீட்டர் சதுரம். கணக்கு போட்டா சதுர மீட்டருக்கு 150 டன் அழுத்தம். அதே காலுக்கு அடில 60 சென்டிமீட்டர் சதுர பேட் போட்டா கிட்டத்தட்ட 17 டன்னா குறைஞ்சுடுது. ஒரு பேட் தூக்கிப் போட அரை நிமிஷம் ஆகுமா, அதுக்கு சோம்பேறித்தனம் பட்டு ஒடஞ்ச பிளைவுட் துண்டையும் செங்கலையும் வெக்கிறாங்க. சாக்கடை மூடி, மேன்ஹோல், புதுசா குழி மூடின மண், ராத்திரி மழை பேஞ்ச புல்தரை இதெல்லாம் மேல பாக்க கெட்டியாத்தான் இருக்கும். பக்கத்துல தோண்டின குழி இருந்தா அதோட ஆழம் எவ்வளவோ குறைஞ்சது அவ்வளவு தள்ளி கால் இருக்கணும், மண்ணு இளக்கமா இருந்தா அதுல ரெண்டு மடங்கு. முதல் லோடை லேசா தூக்கி நிறுத்திட்டு நாலு காலையும் ஒரு சுத்து பாருங்க, ஒண்ணு அமுங்கிருந்தா உடனே இறக்குங்க.

இன்னொண்ணு, காலை இறக்குறேன்னு வண்டியையே தரைலேருந்து தூக்கிடுறது. மொபைல் கிரேன்ல பாத்துட்டு வந்து பண்ணுவாங்க. லாரி கிரேன்ல பெரும்பாலான கம்பெனி மேனுவல் டயர் தரைல தொட்டுட்டு இருக்கணும்னுதான் சொல்லுது. பார்க்கிங் பிரேக் பின் டயர்லதான் பிடிக்குது, அந்த டயர் காத்துல நின்னா பிரேக்கே இல்லாத மாதிரி, லேசான சரிவு போதும் வண்டி நகர்றதுக்கு.

எடை. "ஒரு டன் இருக்கும்ணே"ன்னு கண்ணால சொல்றதை ஏத்துக்கவே ஏத்துக்காதீங்க. கம்பிக்கு கணக்கு ரொம்ப சுலபம், மில்லிமீட்டர்ல விட்டத்தை விட்டத்தாலயே பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டர் எத்தனை கிலோன்னு வந்துடும். 16 எம்எம் கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ, 12 மீட்டர் நீளம் ஒண்ணு 19 கிலோ, நூறு கம்பி கட்டு 1.9 டன். இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர், ஒரு எம்எம் கனத்துக்கு 7.85 கிலோ, ரோட்டுல போடுற 25 எம்எம் பிளேட் மூணு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர்னா 880 கிலோவுக்கு மேல வருது. கான்கிரீட் கன மீட்டருக்கு 2.4 டன். இதை ஆப்பரேட்டர் போன்ல தானே போட்டு பாக்கணும், அதையும் பரீட்சைல கேக்கணும். ஹூக், ஷாக்கிள் (இணைக்கிற இரும்பு வளையம்), செயின் எடையும் லோடுலதான் சேரும்.

சரி எடை தெரிஞ்சுடுச்சு, தூரம்? வண்டில 10 டன்-மீட்டர்னு எழுதிருந்தா 10 டன் தூக்கும்னு நினைக்கிற புது ஆளுங்க இருக்காங்க, உண்மையாவே இருக்காங்க. 2 மீட்டர்ல 5 டன், 5 மீட்டர்ல 2 டன், 10 மீட்டர்ல 1 டன், அதுவும் வெறும் பெருக்கல் கணக்கு. நிஜத்துல பூம் நீள நீள அதோட சொந்த எடையும் வெளிய போகுது, அதனால சார்ட்டுல போட்டிருக்கிறது இன்னும் கம்மியாத்தான் இருக்கும். தண்ணிக் குடத்தை இடுப்புல வெச்சா நடக்கலாம், கையை நீட்டிப் பிடிச்சா நிக்க முடியாது, இதை ஒரு தடவை நிஜமாவே பக்கெட்டை வெச்சு செய்ய விட்டா பழகுறவங்களுக்கு ரேடியஸ்னா, அதாவது கிரேன் நடுவுலேருந்து லோடு வரைக்கும் உள்ள தூரம்னா என்னன்னு பளிச்சுனு புரிஞ்சுடும். எடுக்குற இடத்துல அளவு சரியா இருந்தா போதாது, வெக்கிற இடம் தூரமா இருந்தா அந்த தூரத்துக்குத்தான் சார்ட் பாக்கணும். புதைஞ்ச பொருளைப் பிடுங்குறது, பக்கவாட்டுல இழுக்குறது ரெண்டுமே கிரேன் வேலை இல்லை, அதோட எடை என்னன்னு யாராலயும் சொல்ல முடியாது.

லோடைக் கட்டித் தூக்குற ஸ்லிங் பத்தி சுருக்கமா. வெப்பிங் ஸ்லிங்ல (துணிப் பட்டை மாதிரி இருக்கிறது) கலரைப் பாத்தே அளவு சொல்லத் தெரியணும், ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. ரெண்டு கால் ஸ்லிங்ல (ஹூக்லேருந்து ரெண்டா பிரியுறது) நடுக்கோணம் 60 டிகிரியா இருந்தா ஒவ்வொரு காலுக்கும் லோடுல 58 சதவீதம் வரும், 120 டிகிரியா விரிஞ்சா ஒவ்வொரு காலுமே முழு லோடையும் தாங்கணும், அதாவது 2 டன்னை தூக்க ரெண்டு காலும் தனித்தனியா 2 டன் ஸ்லிங்கா இருக்கணும். கூர் முனைல பாதுகாப்பு வெக்காம போட்ட ஸ்லிங், முடிச்சு போட்ட ஸ்லிங், டேக் கிழிஞ்ச ஸ்லிங் இதையெல்லாம் ஓரமா வெச்சா யாராவது எடுத்து மறுபடி போட்டுடுவாங்க, வெட்டிப் போட்டுடுங்க. 12 மாசத்துக்கு ஒரு தடவை ஸ்லிங், ஷாக்கிள் மாதிரி கியருக்கும் கிரேனுக்கும் அங்கீகாரம் பெற்ற எக்ஸாமினர் வந்து பாக்கணும்ங்கிறது சிங்கப்பூர் சட்டம், ஆனா காலைல எடுக்கும்போது பாக்குறது ஆப்பரேட்டர் வேலை.

நிக்கிற இடம் பத்தி யாரும் பெருசா பேசுறதில்லை, எனக்கு இதுலதான் ரொம்ப கவலை. டவர் கிரேன் ஆப்பரேட்டர் கேபின்ல இருக்கார், லாரி கிரேன் ஆப்பரேட்டர் தரைல நின்னு லீவர்ல கை வெச்சிருக்கார், லோடு அவர் பக்கம் ஆடுனா வண்டி பாடிக்கும் லோடுக்கும் நடுவுல மாட்டிக்குவார். அதனால லோடு இறங்குற பக்கத்துல நின்னு இயக்கவே கூடாது, எதிர்ப் பக்க கண்ட்ரோல் இருக்கும், அதுல போகணும். ரிமோட் இருக்கிற வண்டி நல்லது, ஆனா ரிமோட் கைல இருக்கேன்னு லோடு கூடவே நடந்து அதுக்கு அடிலயே போயிடுறாங்க. வேற இடத்துக்கு நடக்கணும்னா எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கிட்டு நடங்க, வயித்துல இடிச்சு ஜாய்ஸ்டிக் அசைஞ்சா போதும்.

கரண்ட் லைனும் இதே கணக்குதான். சிங்கப்பூர்ல பெரும்பாலும் கேபிள் மண்ணுக்கு அடில, அதனால மேல பாக்குற பழக்கமே வராம போயிடுது. ஊருக்குத் திரும்பி வந்து இங்க கிரேன் ஓட்டுற தம்பிங்க தயவுசெஞ்சு கவனிங்க, இங்க ரோட்டு மேல 11 கேவி லைன் போகுது, பூம் தொடக்கூட வேண்டாம், கிட்ட போனாலே பாயும். பாஞ்சா வண்டி வழியா, லீவர் வழியா, தரைல நிக்கிற உங்க உடம்பு வழியாத்தான் இறங்கும். லைன் ஆஃப் பண்ண ஈபிகிட்ட சொல்லி, ஆஃப் ஆனது உறுதியாகாம பூமைத் தூக்காதீங்க.

வேலை முடிஞ்சப்புறம் நடக்குற தப்பு தனி. பூமை முழுசா மடக்காம, பிடிஓ ஆஃப் பண்ணாம, கால் லாக் பின் போடாம கிளம்புறது. சிங்கப்பூர்ல 4.5 மீட்டர் தாண்டின வண்டி எஸ்கார்ட் இல்லாம போகக்கூடாது, அரைகுறையா மடக்கின பூம் அதைத் தாண்டி ஓவர்ஹெட் பிரிட்ஜ்ல அடிச்சா பின்னாடி வர்ற பைக்காரனுக்கும் சேர்த்துதான் ஆபத்து. அவுட்ரிக்கர் வழியில வெளிய வந்துட்டா நடைபாதைல நிக்கிறவங்களை வாரிட்டுப் போகும். சீட்ல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு சுத்து நடந்து பூம், கால், பின், லோடு கட்டு நாலையும் கையால தொட்டுப் பாக்குற பழக்கத்தை ட்ரெயினிங்லயே ஊட்டிடணும்.

அலாரம் விஷயத்துல சூப்பர்வைசர்களுக்கு ஒரு வார்த்தை. 2025லேருந்து சிங்கப்பூர்ல புதுசா வர்ற லாரி கிரேன்ல ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் சிஸ்டம் இருக்கணும், கால் சரியா நீட்டலன்னா அதுவே தூக்க விடாது. நல்ல விஷயம். ஆனா அந்த சிஸ்டத்தை வேலை செய்ய விடாம பண்ற பைபாஸ் சாவியை எங்க வெச்சிருக்குன்னு புது ஆளுக்குக் காட்டுற முதல் ஆளே சில இடத்துல சூப்பர்வைசராத்தான் இருக்கார், "சும்மா கத்திட்டே இருக்கும், இதைத் திருப்பிட்டு தூக்கு"ன்னு. அன்னைக்கு அந்தப் புது ஆள் கத்துக்கிட்டது காலம் பூரா நிக்கும்.

சிங்கப்பூர்ல 2011ல வந்த கிரேன் இயக்க விதிகள்ல லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர் (லோடைக் கட்டுறவர்), சிக்னல்மேன்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி பொறுப்பு பிரிச்சிருக்காங்க. டெலிவரிக்குப் போற லாரி கிரேன்ல அத்தனையும் ஒரே ஆள் தலைல விழுது, கூட ஒரு ஹெல்ப்பர் இருந்தா அதிர்ஷ்டம். இப்படி தனியா அனுப்புறதுதான் கம்பெனி பண்ற பெரிய தப்பு. பழகி ஒரு மாசம் ஆகாத ஆளை தனியா அனுப்பாதீங்க, ரிக்கிங் தெரிஞ்ச இன்னொருத்தர் கூட இருக்கட்டும். கிளாஸ் அவருக்குப் புரியுற மொழியில நடக்கட்டும், இங்கிலீஷ்ல பேப்பர் எழுதி பாஸானவருக்கு லோடு சார்ட் படிக்கத் தெரியாம இருக்கிறதை நேர்ல பாத்திருக்கேன்.

பாஸ் போடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை வைங்க. வண்டியை வேணும்னே ஒரு பக்கம் கால் முழுசா வராத இடத்துல நிறுத்திட்டு "சீக்கிரம் தம்பி, அடுத்த சைட் வெயிட் பண்ணுது, தூக்கு"ன்னு அவசரப்படுத்துங்க. "இல்லண்ணே, கால் வரல, வண்டியை மாத்திப் போடணும்"னு சொல்றாரான்னு பாருங்க. தூக்கப் போனா நிறுத்திட்டு மறுபடி முதல்லேருந்து பழக்குங்க. வேற மாடல் கிரேன் வாங்கினாலும் இதே சோதனை, இதே ஆளுக்கு, அந்த கிரேனோட சார்ட்டை கைல குடுத்து.