சேலம், ஏற்காடு வரும்போது ஒயின் பாட்டிலை எங்கே திறப்பது?

மெல்போர்னிலோ மான்ட்ரியலிலோ இருக்கிறவர்களுக்குச் சொந்த ஒயினை எடுத்துக்கொண்டு நல்ல உணவகத்துக்குப் போவது பழகிப்போன விஷயம். அங்கே பல கடைகளில் அதற்கென்றே போர்டு மாட்டியிருப்பார்கள். சேலத்தில் அப்படி ஒரு போர்டைத் தேட வேண்டாம். ராஜாஜி 1937 அக்டோபர் 1-இல் சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே இந்த மாவட்டத்தில்தான். அந்தச் சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடப்பில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாத உணவகத்தில், அது எவ்வளவு பெரிய ஏசி ஹாலாக இருந்தாலும், பாட்டிலைத் திறந்தால் உங்களுக்கும் வம்பு, கடைக்காரருக்கும் வம்பு. மெஸ், மிலிட்டரி ஹோட்டல் பக்கம் இந்த எண்ணத்தோடு போகவே வேண்டாம், அங்கே சாப்பாடு மட்டும் போதும்.

மிச்சம் இருப்பது எஃப்.எல்.3 என்ற பார் லைசென்ஸ் உள்ள நட்சத்திர ஹோட்டல்கள். போன் போட்டால் ரிசப்ஷனில் பேசி முடிக்காமல் எஃப் அண்ட் பி (உணவு, பானப் பிரிவு) மேனேஜரைக் கேளுங்கள். "வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒயின், பில் இருக்கிறது, உங்கள் பாரில் திறக்க அனுமதி உண்டா, கார்க்கேஜ் (நாம் கொண்டுவந்த பாட்டிலைத் திறக்க வாங்கும் கட்டணம்) எவ்வளவு, வரி சேர்த்தா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் முடியாது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் டாஸ்மாக் வழியாக வாங்கியதைத்தான் விற்க முடியும், லைசென்ஸைப் பணயம் வைக்க யாரும் தயாராக இல்லை, அதனால் வற்புறுத்தாதீர்கள். சரி என்று சொன்னால் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், போனில் பேசியவர் அன்றைக்கு லீவில் இருக்கலாம். இன்னொன்று, இங்கே பாரும் ஃபேமிலி ரெஸ்டாரன்டும் பெரும்பாலும் தனித்தனி. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட நினைக்கிறவர்கள் இதையும் முன்னாலேயே கேட்டுவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால், நல்ல பாட்டிலுக்குச் சரியான இடம் ஏற்காட்டில் சமையல்காரரோடு வாடகைக்குக் கிடைக்கும் எஸ்டேட் பங்களாதான். புக் செய்யும்போதே ஓனரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சிலருக்கு இது பிடிக்காது, அவர்கள் வீடு, அவர்கள் முடிவு. ஒத்துக்கொண்டால் சாப்பாட்டை முந்தின நாளே பேசிவிடுங்கள், கறி கீழே சேலத்திலிருந்து வர வேண்டியிருக்கலாம். காபிச் செடிக்கு நிழல் தரும் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும் ஊர் இது. அந்த மிளகைத் தட்டிப் போட்டு, காரம் குறைத்து, நல்லெண்ணெயில் நாட்டுக்கோழி வறுவல் கேளுங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் கொண்டுவருகிறவர்கள் அதோடு குடித்துப் பார்க்க வேண்டும், மிளகுக்கும் அதற்கும் அப்படி ஒரு பொருத்தம். வரமிளகாய் அள்ளிப்போட்ட பள்ளிபாளையம் சிக்கனோடு வேண்டாம், ஒயின் காணாமல் போய்விடும். கார்க் திருகி பங்களாவில் இருக்காது, செக்-இன் பெட்டியில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி டம்ளர் கிடைக்கும், அது போதும். பெரியப்பா, அத்தை எல்லாம் கூட வருகிறார்கள் என்றால் அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு திறங்கள். யாரும் எதுவும் சொல்லாமல் இருந்தாலும் மனசுக்குள் வருத்தப்படுவார்கள்.

கொண்டுவரும் கணக்கு: சுங்க வரி இல்லாமல் ஆளுக்கு 2 லிட்டர், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. பில்லைத் தூக்கிப்போடாதீர்கள். பெங்களூரில் இறங்கி ஓசூர் வழியாகக் காரில் வருகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கர்நாடகக் கடையில் வழியில் வாங்கி எல்லை தாண்டவே கூடாது, சோதனையில் பிடிபட்டால் பாட்டில் மட்டும் போகாது, வழக்கும் வரும். சித்திரை, வைகாசி வெயிலில் பாட்டிலைக் கார் டிக்கியில் விட்டுவிட்டு ஊர் சுற்றினால் ஒயின் கெட்டுவிடும், போகிற இடத்தில் முதலில் அதை இறக்கி வையுங்கள்.

இங்கே சட்டப்படி குடிக்கும் வயது 21, அங்கே 18-இல் பழகிய பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹோட்டல் பாரை நம்பி வருகிறவர்கள் தேதி பார்க்க வேண்டும். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு தினம், மகாவீர் ஜெயந்தி, மே 1, மிலாடி நபி, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் டாஸ்மாக்கோடு ஹோட்டல் பாரும் மூடியிருக்கும். பொங்கலுக்கு வருகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

அப்புறம், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். குடித்துவிட்டு யாரும் அதில் வண்டி ஓட்டக் கூடாது, ஒரு டம்ளர்தானே என்ற பேச்சே வேண்டாம். சேலத்திலேயே ஆக்டிங் டிரைவர் கிடைப்பார், ராத்திரி தங்கவும் சாப்பிடவும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். பகோடா பாயின்ட், ஏரிக்கரை மாதிரி பொது இடங்களில் பாட்டிலைத் திறந்தால் போலீஸ் வரும். அதைவிட, பாறை இடுக்கில் வீசிய கண்ணாடிச் சில்லு காட்டெருமையின் காலையும் காபி பறிக்க வருகிற பெண்களின் காலையும் கிழிக்கும். காலி பாட்டிலைத் துணியில் சுற்றிக் கீழே கொண்டுவந்து பழைய பேப்பர் கடையில் போட்டுவிடுங்கள்.